இடையில் போன நிமிடங்கள்

போட்டி முடிந்த மறுநாள் காலை, குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் முடிவுப் பட்டியல் வந்திருந்தது. எங்கள் பெயரை மேலிருந்து தேடிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்தி, கீழிருந்து தேட ஆரம்பித்தேன். சீக்கிரம் கிடைத்துவிட்டது.

அது என்ன போட்டி என்று என் அம்மாவுக்கு நான் மூன்று முறை விளக்கியிருக்கிறேன். ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். ஓடி வந்ததும் ஒரு கடினமான வேலை காத்திருக்கும். எடை ஏற்றிய இரும்புச் சட்டத்தைத் தரையில் தள்ளிக்கொண்டு போவது, மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முட்டி தரையைத் தொடும்படி அடிவைத்து நடப்பது, கனமான பந்தைச் சுவரில் குறிபார்த்து எறிந்து பிடிப்பது, இந்த மாதிரி. அது முடிந்ததும் மறுபடி ஓட்டம், மறுபடி வேறொரு வேலை. ஆறு சுற்று. ஜோடியாகச் சேர்ந்தால் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஓட்டத்தை மட்டும் இருவரும் சேர்ந்தே ஓட வேண்டும். ஒருவர் முந்தி வந்துவிட்டால் மற்றவர் வரும்வரை நிற்க வேண்டும். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதைத்தானே நாள் பூரா வீட்டில் செய்கிறாய் என்றார்.

என் ஜோடி என் கணவரின் அக்கா. அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அணுபுரத்தில், அணுமின் நிலைய ஊழியர்களின் குடியிருப்பில் இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் கல்லூரிக்குப் போன பிறகு காலையில் நடக்க ஆரம்பித்து, பிறகு ஓட ஆரம்பித்து, இப்போது உடற்பயிற்சிக் கூடத்தில் ஆண்கள் தூக்குகிற எடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற நிலைக்கு வந்திருக்கிறார். எனக்குக் குழந்தை பிறந்து, அறுத்த வயிறு ஆறி, மருத்துவர் இனி எதுவும் செய்யலாம் என்று சொன்ன பிறகும் நான் எதுவும் செய்யாமல் பயந்துகொண்டிருந்தபோது, செங்கல்பட்டுக்கு வந்து என்னை இழுத்துக்கொண்டு போய் இங்கேயே ஒரு கூடத்தில் சேர்த்துவிட்டவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் சேர்ந்து ஓடுவோம். அப்படித்தான் போட்டி வரை வந்தோம்.

முடிவு வந்து இரண்டு நாள் கழித்து அண்ணி போன் செய்தார்.

"இதோ பாரு, சுத்தி வளச்சுப் பேச எனக்கு வராது. இங்க எங்க டவுன்ஷிப்ல பேட்மிண்டன் ஆடுது பாரு ஒரு பொண்ணு, அது அடுத்த போட்டிக்கு என்கூட ஜோடியா வரேன்னு கேட்டுகினு கீது. நான் ஒண்ணும் சொல்லல. உன்னக் கேக்காம சொல்வனா? மாசக் கடைசில பேர் குடுக்கணும். யோசிச்சு சொல்லு."

சொல்லிவிட்டு, குழந்தைக்குச் சளி விட்டதா என்று விசாரித்துவிட்டு, வைத்துவிட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். யோசித்துச் சொல் என்றால் என்ன அர்த்தம்? வேண்டாம் என்று நானே சொல்லிவிட வேண்டுமா, இல்லை நானும் வருகிறேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டுமா? மரியாதை தெரிந்த மருமகள் விலகிக்கொள்வாள் என்று தோன்றியது. உடனே, அப்படி விலகினால் அவர் என்னைச் சோம்பேறி என்று நினைப்பார் என்றும் தோன்றியது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு விஷயம் மட்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் இருந்தது. பின்தங்கியது என்னால்தான். அவர் பலசாலி. நான் அறுவைச் சிகிச்சை ஆனவள், சரியாகத் தூங்காதவள். இரவில் படுத்திருக்கும்போது வயிற்றின் நடுவில் விரலை அழுத்தி, பிரசவத்தில் விலகிய தசை சேர்ந்திருக்கிறதா என்று இன்னமும் பார்க்கிறவள்.

ஏன் பின்தங்கினோம் என்று கூடத்தில் பயிற்சி தரும் மாஸ்டரிடம் கேட்டேன். அவர் முடிவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கால் பலம் பத்தாது, சட்டம் தள்ளுவதில்தான் போயிருக்கும் என்று சொல்லி, வாரத்துக்கு இரண்டு நாள் கால் பயிற்சி எழுதிக் கொடுத்தார். கணவர், ஜாலிக்காகத்தானே போகிறீர்கள் என்றார். இரண்டு பதிலும் எனக்குப் போதவில்லை.

நான் வீட்டிலிருந்தே மருத்துவக் குறியீடு போடும் வேலை செய்கிறேன். எங்கோ ஒரு மருத்துவமனையில் யாருக்கோ நடந்த சிகிச்சையின் கோப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். கோப்பில் இல்லாததை நாமாக ஊகித்துக் குறிக்கக் கூடாது என்பது பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லித்தந்தது. நெஞ்சு வலி என்று எழுதியிருந்தால் நெஞ்சு வலிதான். மாரடைப்பு என்று நமக்குத் தோன்றினாலும் போடக் கூடாது. மற்றவர்களின் கோப்பில் இவ்வளவு கறாராக இருக்கிறவள், என் கோப்பில் மட்டும் படிக்காமலே நோயை எழுதிவிட்டேனே என்று அன்று மத்தியானம், குழந்தை தூங்கிய பிறகு தோன்றியது. முடிவை மறுபடி திறந்தேன்.

காலில் கட்டிவிட்ட பட்டை, தரையில் விரித்த பாய்களைத் தாண்டும்போதெல்லாம் நேரத்தைக் குறித்திருந்தது. அதனால் ஒரே மொத்தமாக இல்லாமல் நேரம் மூன்றாகப் பிரிந்திருந்தது. ஓட்டத்துக்கு எவ்வளவு, வேலைகளுக்கு எவ்வளவு, இரண்டுக்கும் இடையில் எவ்வளவு.

முதலில் சட்டம் தள்ளியதைப் பார்த்தேன். எங்களை முந்திய பல ஜோடிகளைவிட நாங்கள் வேகமாகத் தள்ளியிருந்தோம். சரியாகத்தான் படிக்கிறேனா என்று பெயரை மறுபடி பார்த்தேன். எங்கள் பெயர்தான். மணல் மூட்டையிலும் பந்திலும் நடுவாந்திரம். ஓட்டம் முதல் பாதியில் மோசமில்லை, பின்பாதியில் தொய்ந்திருந்தது. ஆனால் மூன்றாவது நேரத்தைப் பார்த்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்களுக்குப் பக்கத்து இடங்களில் இருந்தவர்கள் ஓட்டத்திலிருந்து வேலைக்குப் போகிற இடைவழியில் செலவழித்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நாங்கள் செலவழித்திருந்தோம். அங்கே ஓட்டமும் இல்லை, எடையும் இல்லை. சவுக்குத் தோப்பை ஒட்டிப் பச்சை விரிப்புப் போட்ட ஒரு வழி, அவ்வளவுதான். அங்கே அவ்வளவு நேரம் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்?

இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. வெங்காயம் நறுக்கும்போதும் அதுதான். கொஞ்ச நேரத்தில் ஒரு பதிலும் கிடைத்தது, அது எனக்குப் பிடிக்காத பதில். அந்த வழியை ஒட்டித்தான் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் நான் குழந்தையைத் தேடினேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. தொப்பி போட்டிருக்கிறதா, அழுகிறதா என்று பார்த்தேன். அப்படியானால் நின்று நின்று பார்த்திருக்கிறேன், அண்ணியையும் நிற்க வைத்திருக்கிறேன். ஓட வந்த இடத்திலும் ஒழுங்காக ஓடவில்லை, குழந்தையையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை.

அப்படியே எழுதி மூடியிருப்பேன். ஆனால் அதுவும் ஊகம்தானே. கணவர் எடுத்த காணொளிகள் இருந்தன. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் போன் என்று எடுத்தவை. பாதி நேரம் வானம், கால்வாசி நேரம் குழந்தையின் கை. மீதியில் நாங்கள் தெரிந்தோம்.

முதலில் என் கழுத்தைத்தான் பார்த்தேன். கயிற்றுப் பக்கம் வரும்போது தலை திரும்புகிறது, சிரிக்கிறேன், தலை நேராகிறது. கால் நிற்கவே இல்லை. மூன்று காணொளியிலும் அப்படித்தான். மனசுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு சட்டகத்தின் ஓரத்தில், ஒரு மேஜைக்குப் பக்கத்தில், இரண்டு பேர் அசையாமல் நிற்பது தெரிந்தது. நாங்கள்தான்.

அந்த வழியில் தண்ணீருக்கு ஒரு மேஜை போட்டிருந்தார்கள். அவரவர் பாட்டிலை அங்கே வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சை, உப்பு, சர்க்கரை போட்டு நான் கலந்துகொண்டு வந்த பாட்டில் ஒன்று அங்கே இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று. காணொளியில் நான் அதை எடுக்கிறேன். அண்ணியிடம் நீட்டுகிறேன். அண்ணி கையை ஆட்டி, நீ குடி என்கிறார். நான் மறுபடி நீட்டுகிறேன். அவர் என் வயிற்றைக் காட்டி ஏதோ சொல்கிறார். பிள்ளை பெற்ற உடம்பு என்று சொல்லியிருப்பார். நான் விடவில்லை. கடைசியில் அவர் வாங்குகிறார். வாங்கி, தலையை அண்ணாந்து, பாட்டிலை உதட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடிக்கிறார். ஆனால் ஊற்றவில்லை. ஏனென்றால் மூச்சு வாங்குகிறது. மூச்சு வாங்கும்போது அண்ணாந்து ஊற்றினால் புரை ஏறும். எனவே அண்ணாந்தபடியே மூச்சு அடங்கக் காத்திருக்கிறார். ஊற்றுகிறார். அப்படியும் இருமல் வருகிறது. நான் அவர் தலையைத் தட்டுகிறேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு பாட்டிலை என்னிடம் தருகிறார். இப்போது நான் அண்ணாந்து நிற்கிறேன். எங்களுக்குப் பின்னால் வந்த ஜோடி எங்களைக் கடந்து போய்ச் சட்டத்தைத் தள்ளத் தொடங்கிவிட்டது.

ஆறு சுற்றிலும் இதுவே நடந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பாட்டிலில் யாரும் வாய் வைப்பதில்லை. எச்சில் படக் கூடாது என்பது யோசித்துச் செய்கிற விஷயமே இல்லை, கை தானாக உயர்ந்துவிடும். அதைப்போலத்தான் பெரியவர் குடிக்காமல் நான் குடிப்பதில்லை என்பதும். ஓட்டத்துக்காக எதையெல்லாமோ பழகினோம். காலணி, சாப்பாடு, தூக்கம், மூச்சு எல்லாவற்றையும் மாற்றினோம். தண்ணீர் குடிப்பதும் ஒரு செயல், அதற்கும் நேரம் ஆகும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், குழந்தை எழுந்துவிடுமே என்று. பிறகு கடிகாரத்தை வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

கண்டுபிடித்துவிட்டேனே தவிர, இதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் தண்ணீர் குடித்ததால் தோற்றோம் என்றா? அப்படித்தான் அது காதில் விழும். அடுத்த ஞாயிறு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற வழியெல்லாம் வாக்கியங்களைக் கோத்துப் பார்த்துக்கொண்டே போனேன். எதுவும் சரியாக வரவில்லை. பேசாமல் இரண்டு பாட்டில் எடுத்துப் போனேன்.

நான் வண்டியிலிருந்து இறங்கியதும் அண்ணி என் பையைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு ரெண்டு? எனக்கு ஏதாவது காய்ச்சலா?"

வேறு வழியில்லாமல் போனை எடுத்துக் காட்டினேன். வெயில் ஏறாத நேரம். கடலிலிருந்து திரும்பிய படகுகளைச் சுற்றி மீன் வாங்க வந்தவர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி போனைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு முழுவதும் பார்த்தார். மறுபடி ஒரு முறை பார்த்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. காட்டியிருக்கக் கூடாதோ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"கோழிங்க மாதிரி நிக்கறோமேடி ரெண்டு பேரும். ஒரு வாய் குடிக்கறது, வானத்தப் பாக்கறது."

அப்புறம் சிரித்த சிரிப்பில் அவருக்கு அங்கேயே இருமல் வந்துவிட்டது.

அன்று கடற்கரைச் சாலையில் ஓடி, திரும்பி வந்து, ஆளுக்கொரு பாட்டிலில் வாய் வைத்துக் குடித்துப் பார்த்தோம். எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. அண்ணிக்குத்தான் கூச்சம். படகுக்காரர்கள் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து, சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தார். தனக்கென்று ஒரு பாட்டில் என்று ஆனபிறகும் உதடு வைக்க மனசு வர்ல என்றார். மூன்றாவது முறை ஓடிக்கொண்டே குடித்துவிட்டார். குடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் திருட்டுத்தனம் செய்த சிறுமியின் சந்தோஷம் இருந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். ஜோடி பிரிய வேண்டிய தேவையில்லை. அண்ணியே, அப்ப அந்தப் பேட்மிண்டன் பெண்ணிடம் வேண்டாமென்று சொல்லிவிடவா என்று கேட்டார். சொல்லுங்கள் என்று வாய் வரை வந்தது. ஆனால் முடிவுப் பட்டியலில் நான் இன்னொன்றையும் பார்த்திருந்தேன். பின்பாதி ஓட்டம் தொய்ந்தது தண்ணீரால் அல்ல. ஓட்டத்துக்கென்று குறித்த நேரத்தில் மேஜைப் பக்கம் நின்றது சேரவில்லை. அதைச் சொல்லாமல் இருப்பது கோப்பின் கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் விடுவது மாதிரி இருந்தது. சொன்னேன். அது என்னாலதான் அண்ணி, என் உடம்பு இன்னும் பழையபடி ஆகலை என்றேன்.

அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. நாலாவது சுற்றிலிருந்து தன் முட்டி வலித்தது என்றும், என்னிடம் சொன்னால் நான் பயந்துவிடுவேன் என்று மறைத்ததாகவும், அதனால் அவர்தான் வேகத்தைக் குறைத்ததாகவும் சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருக்கு மூச்சு இரைக்கிறதே என்று நான்தான் வேகத்தைக் குறைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ குறைத்தாய், இல்லை நான் குறைத்தேன் என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பழியைக் கேட்டு வாங்கினோம். மேஜைக்குப் பக்கத்தில் பாட்டிலை நீட்டி நீட்டித் தள்ளிய மாதிரியே இருந்தது அது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேர்ந்து ஓடியதன் நேரத்தைப் பார்த்து யார் மெதுவாக ஓடினார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது. இருவருக்கும் அது ஒரே எண்தான். இத்தனை நாளாக நான் பயந்துகொண்டிருந்த கேள்விக்கு, என் உடம்பு தாங்குகிறதா என்ற கேள்விக்கு, அங்கே பதிலே இல்லை. பதில் வேண்டுமானால் நான் தனியாக ஓடிப் பார்க்க வேண்டும்.

அந்தச் சாலையில் நின்றுகொண்டு, யோசிக்காமல், எனக்கே பழக்கமில்லாத குரலில் சொன்னேன்.

"நீங்க அவங்களோடயே ஓடுங்க அண்ணி. நான் ஒரு தடவ தனியா ஓடிப் பாக்கறேன்."

அண்ணி பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"நான் கழட்டி வுட்றேனான்னு நீ பயந்துகினு இருந்தா, நீ என்னக் கழட்டி வுட்ற?"

அப்படி இல்லை என்றேன். பின்னே எப்படி என்றார். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது என்றேன். என்னத்தத் தெரிஞ்சுக்கப் போற என்று முனகிக்கொண்டே வண்டியை எடுத்தார். நாஸ்தாவுக்கு நாங்கள் வழக்கமாக நிற்கிற கடையில் அன்று நிற்காமலே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். அக்காவைச் சங்கடப்படுத்திவிட்டேனோ என்று கேட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்திவிடுவார், பேசாமல் போனால் யோசிக்கிறார் என்று அர்த்தம் என்றார். கூடப் பிறந்த தம்பிக்குத் தெரியும் என்று நம்ப முயன்றேன். முடியவில்லை. இரண்டு முறை போன் எடுத்து வைத்தேன். மரியாதைக்கு மன்னிப்புக் கேட்டு, சரி ஜோடியாகவே ஓடலாம் என்று சொல்லிவிடலாமா? அவருக்கு அதுதான் வேண்டும் என்று யார் சொன்னது? இதுவும் ஊகம். போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை அவரே கூப்பிட்டார். பேட்மிண்டன் பெண்ணிடம் சரி என்று சொல்லிவிட்டாராம். ஜோடியாகப் பேர் கொடுத்தாயிற்று. நான் தனியாகப் பேர் கொடுத்தேனா என்று கேட்டார். இல்லை, முதலில் ஒரு ஒத்திகை ஓடிப் பார்த்துவிட்டு என்று இழுத்தேன். யார் நேரம் பார்ப்பார்கள் என்றார். கணவர் என்றேன். "அவனா? அவன் வானத்தைத்தான் படம் புடிப்பான். நான் வரேன்."

சனிக்கிழமை காலை செங்கல்பட்டுக்கு வந்துவிட்டார். ஏரிக்கரைப் பக்கம் ஒரு கிலோமீட்டரை அளந்து வைத்திருந்தேன். இரும்புச் சட்டத்துக்கு வழியில்லை. மணல் மூட்டையும் இரண்டு எடைகளும் மாஸ்டரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தோம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணி போட்டியைத் தொடங்கி வைத்தவரைப்போலவே, உயர்த்திய விரலைக் கீழே இறக்கி, ஓடு என்றார்.

தனியாக ஓடுவது வேறு மாதிரி இருந்தது. பக்கத்தில் கேட்கிற மூச்சை வைத்துத்தான் இத்தனை நாளும் என் வேகத்தைத் தெரிந்துகொண்டிருக்கிறேன் என்று முதல் சுற்றிலேயே புரிந்தது. இப்போது என் மூச்சு மட்டும். அது வேகமா மெதுவா என்று தெரியாமலே ஓடினேன். மூட்டையைத் தோளில் போட்டு அடிவைத்தபோது வயிற்றின் நடுவில் இழுப்பு தெரிந்தது. பயந்தேன். அது வலியா, இழுப்பா என்று கவனித்தேன். இழுப்புதான். மூட்டையை இறக்கியதும் போய்விட்டது. நான்காம் சுற்றில் வேகம் குறையும் என்று எதிர்பார்த்துக்கொண்டே ஓடினேன். குறைகிறதா என்பதுகூடத் தெரியவில்லை. கடைசிச் சுற்றில் கால் கனத்தது. அது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

முடிந்ததும் புல்லில் உட்கார்ந்தேன். அண்ணி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாகக் குறித்திருந்தார். நாலும் அஞ்சும் முதல் சுற்று மாதிரியேதான் இருந்தது, கடைசி மட்டும்தான் கொஞ்சம் விட்டுட்ட என்றார். குரலில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அப்ப அன்னிக்கு இழுத்து வச்சது நான்தான். சொல்லு, பரவால்ல."

இன்றைக்கு வெயில் குறைவு, தரை சமம், சட்டம் தள்ளவே இல்லை, நேற்று குழந்தை நன்றாகத் தூங்கிற்று. ஒரு தடவை ஓடியதை வைத்து எதையும் முடிவாக எழுதிவிட முடியாது. ஆனால் உடம்பு தாங்கியிருக்கிறது. அதை மட்டும் அந்த நேரத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"இன்னொரு தடவ ஓடிப் பாத்துட்டுச் சொல்றேன் அண்ணி" என்றேன்.

"நல்லா தப்பிச்சுக்கற" என்றார். பிறகு குழந்தையை என் மடியில் இறக்கிவிட்டு, கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினார். ஷூ கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு கோட்டருகே போய் நின்றார். முட்டியை ஒரு முறை மடக்கி நீட்டினார்.

"எனக்கும் குறி. ஒவ்வொரு சுத்தையும் தனித்தனியா. பொய் சொல்லக் கூடாது."

நான் விரலை இறக்கினேன். அவர் ஓடினார்.